மூன்றாம் எண் சிரட்டை

ஸ்கூடாய் ஆற்று முகத்துவாரம்
1931 ஐப்பசி 10

அன்புத் தம்பி மூர்த்திக்கு அக்காள் அங்கம்மாள் ஆசி கூறி எழுதுவது. பேச்சியம்மன் காவலில் நானும் உன் மச்சானும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். மழை பிடித்துவிட்டது, உன் இருமல் எப்படி? நான் கொடுத்துவிட்ட சுக்குப்பொடி தீர்ந்திருந்தால் எழுது. தீரவில்லை என்றால் நீ அதைத் தொடவே இல்லை என்று அர்த்தம். அதையும் எழுது.

சேதி இதுதான். சாஆ ஊரிலிருந்து மாப்பிள்ளை கடிதம் போட்டிருக்கிறார். நம் செல்வராணிக்கு நாலு மாதம். தை பிறந்ததும் வளைகாப்பு போட்டு இங்கே கூட்டிவந்துவிடுவேன். பங்குனியில் பிரசவம். கடிதத்தை உன் மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். "பாட்டி ஆகப்போறே, இனிமே சேத்துல எறங்கி மட்டி பொறுக்கிட்டுத் திரியாதே" என்றார். "நான் எறங்கலேன்னா தாத்தா எதைத் தின்னுவாரு?" என்று கேட்டேன். தண்ணீர் வடிந்தால் இங்கே கையை விட்ட இடமெல்லாம் மட்டிச் சிப்பிதான். மலாய்க்காரர்கள் கேராங் என்று வெந்நீரில் ஒரு முக்கு முக்கித் தின்கிறார்கள். நான் மிளகு வைத்து வறுத்தால் மச்சான் சட்டியையே வழித்துவிடுவார்.

பக்கத்து வீட்டு மீரா பீவிக்காக நாகூருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். "அக்கா கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். அஞ்சாம் வகுப்பு என்றால் அந்தக் காலத்து அஞ்சாம் வகுப்பு என்று சொல்லிவைத்தேன். அவள் மகள் ஜாஹிதா, ஆறு வயசு, ஒரு நிமிஷம் நிற்க மாட்டாள், "ஒங்க தம்பி என்னா வேலை?" என்று கேட்டாள். "டவுன் அழுக்குத் தண்ணியையெல்லாம் பிடிச்சு வெச்சு, கல்லு போட்டு வடிகட்டி, சுத்தமாக்கித்தான் ஆத்துக்கு விடறான். அவன் கதவைத் தொறந்தாத்தான் ஆறு ஓடும்" என்றேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். இருக்கட்டும்.

தம்போய்க்கும் இங்கேயும் எத்தனை தூரம்? வளைகாப்புக்கு வா. தாய்மாமன் வளையல் போடாமல் ஒரு வளைகாப்பா?

உன்னை வாசலில் தேடும் அக்காள்,
அங்கம்மாள்


தம்போய்
5-11-1931

மரியாதைக்குரிய அக்காவுக்குத் தம்பி மூர்த்தி வணக்கம். உங்கள் கடிதம் கண்டு மனம் குளிர்ந்தது. இருமல் பரவாயில்லை. சுக்குப்பொடி பாதி இருக்கிறது. திட்டாதீர்கள்.

செல்வராணியைத் தோளில் தூக்கித் திரிந்தது நேற்றுப்போல இருக்கிறது. வர ஆசைதான். ஆனால் கடல் ஒரு நாளுக்கு இரண்டு தடவை ஏறுகிறது, இரண்டு தடவை வடிகிறது. ஏறும்போது மதகுக் கதவை மூட வேண்டும், வடியும்போது திறக்க வேண்டும். கடலுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, ஆகையால் எனக்கும் கிடையாது.

ஜாஹிதாவிடம் நீங்கள் சொன்னது ரொம்பக் கூட்டல் இல்லை. டவுன் சாக்கடை முதலில் தொட்டிக்கு வருகிறது. கசடு அடியில் தங்குகிறது. மேல்தண்ணீர் கல்படுக்கைமேல் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. கல்லில் பாசிபோல ஒரு வழவழப்பு, அதுதான் அழுக்கைத் தின்கிறதாம். கடைசியில் வருகிற தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெயிலில் காட்டுவேன். அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தெரிவான்.

இந்த மழையில் ரோட்டு மண்ணெல்லாம் வந்து கல்படுக்கை அடைத்துக்கொண்டிருக்கிறது. மேலே குளம்போலத் தேங்கி நிற்கிறது. சிங்கப்பூரிலிருந்து புதுக்கல் வருமாம். ஊரெல்லாம் வேலை இல்லை. எங்களிலும் மூன்று பேரைப் போன வாரம் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். எனக்கு ஒன்றும் இல்லை, கவலைப்படாதீர்கள்.

மச்சானுக்கு என் வணக்கம். நீர் வடியத் தொடங்கிவிட்டது, கதவுக்குப் போகிறேன்.

தம்பி மூர்த்தி


தம்போய்
22-11-1931
(எழுதியது, தபாலில் போடாதது)

அக்கா,

நலம் விசாரிக்கக் கை வரவில்லை. நேரே சொல்லிவிடுகிறேன். கல் வரவில்லை. வருகிற மாதிரியும் தெரியவில்லை. பன்னிரண்டு நாளாகக் கல்படுக்கைப் பக்கமே போகாமல் தொட்டித் தண்ணீரை நேராக ஆற்றில் விடுகிறோம். துரை உத்தரவு. "தண்ணி வடியறப்ப தொறந்து விடு, கடல் இழுத்துக்கிட்டுப் போயிடும். வெளியே பேச்சுப் போச்சுன்னா அடுத்த கப்பல் ஒனக்குத்தான்" என்று ஆபீஸ் கிராணி வந்து சொல்லிவிட்டுப் போனார்.

கடல் இழுத்துக்கொண்டு போகிறதா என்று பார்க்க ஐந்து தேங்காய்ச் சிரட்டை எடுத்தேன். உள்ளே தாரால் வட்டம் போட்டு, வட்டத்துக்குள் ஒன்று முதல் ஐந்து வரை எண் எழுதி, கதவைத் திறந்ததும் மிதக்கவிட்டேன். முன்காலத்தில் இந்தத் தண்ணீர் கிழக்கே ஓடிப் பெருங்கடலில் கலந்துவிடுமாம். சிங்கப்பூருக்குப் பாலம் போட்ட பிறகு அந்தப் பக்கம் அடைப்பு. அடுத்த ஏற்றத்தில் ஒன்றும் நாலும் திரும்பி வந்து கதவில் முட்டி நின்றன. மற்ற மூன்றும் எங்கே ஒதுங்கினவோ.

ஆற்று மட்டியைத் தொடாதீர்கள். அந்தச் சேற்றில் கால் வைக்காதீர்கள். பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லுங்கள்.

எல்லோரிடமும் சொல்லுங்கள் என்று எழுதிவிட்டு அரைமணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். சொன்னால் யார் சொன்னது என்று கேட்பார்கள். உங்களுக்குப் பொய் சொல்ல வராது, அக்கா. ஊருக்குத் திரும்பினால் எனக்கு நிற்க ஒரு முழ இடம் இல்லை.


தம்போய்
22-11-1931

மரியாதைக்குரிய அக்காவுக்கும் மச்சானுக்கும் மூர்த்தி வணக்கம். இங்கே நான் சுகம். அங்கே எல்லோரும் சுகமாக இருக்கவேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

செல்வராணிக்காக ஒரு நேர்த்தி வேண்டிக்கொண்டேன். உங்களைக் கேட்காமல் வேண்டியது தப்புதான். பேச்சியம்மனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்: குழந்தை பிறந்து மொட்டை போடும் வரைக்கும் நம் குடும்பத்தில் யாரும் ஆற்று மட்டி, நண்டு, மீன் எதையும் வாயில் வைக்கக் கூடாது. தண்ணீரையும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். ஏன் இப்படி என்று கேட்காதீர்கள். மனசில் அப்படித் தோன்றியது.

மச்சானிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தம்பி மூர்த்தி


ஸ்கூடாய் ஆற்று முகத்துவாரம்
1931 கார்த்திகை 20

கோயில் வாசலையே மிதிக்காத என் தம்பி நேர்த்தி வேண்டினானே என்று பத்து நாளாகக் கண் கலங்கிக்கொண்டிருக்கும் அக்காள் எழுதுவது. இங்கே சுகம். உன் வாக்கு என் வாக்கு. அன்றைக்கே சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

உன் மச்சான்தான் புலம்புகிறார். "ஒன் தம்பி சாமிக்குத் தலைமுடி குடுக்கட்டும், காவடி எடுக்கட்டும். என் தட்டுலயா கை வைக்கணும்? அவன் என்னைக்காவது மட்டி தின்னுருக்கானா? அடுத்தவன் நாக்கை அடகு வெச்சு நேர்த்தி!" என்று கருவாட்டைக் கடித்துக்கொண்டே திட்டுகிறார். திட்டினாலும் தொடவில்லை. பேத்தியோ பேரனோ என்று அவருக்கும் ஆசை இருக்கிறது.

பூசாரியிடம் முறையைக் கேட்டேன். விட்ட பண்டத்தை நாம் விட்டால் மட்டும் போதாது, வேறு வயிற்றுக்குக் கொடுத்தால்தான் நேர்த்தி நிறையும் என்றார். ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கூடை மட்டி பொறுக்கி மீரா பீவி வீட்டுக்குக் கொடுக்கிறேன். ஜாஹிதாவுக்கு அப்படிப் பிடிக்கிறது. வெந்நீரில் போட்ட உடனே எடுத்து, சிவப்பு மாறும் முன்னே உறிஞ்சிவிடுகிறாள். உன் பெயரைச் சொல்லித்தான் கொடுக்கிறேன், தம்பி. புண்ணியம் உனக்கு.

போன வெள்ளி பொறுக்கும்போது சதுப்பில் நிற்கிற பாக்காவ் மரத்து வேரில் ஒரு சிரட்டை மாட்டிக்கொண்டிருந்தது. உள்ளே தாரால் வட்டம், நடுவே மூன்று என்று நம் தமிழ் ஆட்கள் போடுகிற மாதிரி எண். எந்தக் கப்பலில் யார் விளையாடினார்களோ. நல்ல கெட்டிச் சிரட்டை. மச்சான் காம்பு போட்டு அகப்பை ஆக்கிக் கொடுத்தார்.

பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்காள் அங்கம்மாள்


தம்போய்
9-1-1932

அக்காவுக்கு மூர்த்தி வணக்கம். பதில் எழுத நாளாகிவிட்டது. உடம்பு சுகந்தான்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். பூசாரி சொன்னது சரியில்லை என்று படுகிறது. நேர்த்திப் பண்டத்தைப் பிறருக்குக் கொடுக்க வேண்டாம். மீரா பீவிக்கு வாழைப்பழம் கொடுங்கள். நீங்களும் சேற்றில் இறங்காதீர்கள், வழுக்கிவிடும். வளைகாப்புக்கு என்னால் வர முடியாது. வளையல்களைப் பஸ்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அந்தச் சிரட்டையைத் தூரப் போட்டுவிடுங்கள்.

மூர்த்தி


ஸ்கூடாய் ஆற்று முகத்துவாரம்
1932 தை 12

தம்பிக்கு ஆசி. வளையல் வந்தது. செல்வராணி கை நிறையக் குலுங்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள். ஏழு மாதம். கால் கொஞ்சம் வீக்கம், மற்றபடி சுகம்.

ஏழு வாரம் கழித்து ஒரு கடிதம். அதிலும் உத்தரவாகவே எழுதியிருக்கிறாய். நாற்பத்தாறு வருஷம் வழுக்காத கால் இப்போதா வழுக்கும்? கூடையை நிறுத்தச் சொல்கிறாய். மீரா பீவி புருஷன் சிக்கந்தருக்குப் படகுத்துறை ஜெட்டியில் வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை. உன் நேர்த்தியில் கிடைக்கிற கூடை அந்த வீட்டுக்கு இரண்டு வேளைச் சோற்றுக்குத் துணை. முதலில் வெள்ளிக்கிழமை மட்டும் கொடுத்தேன், இப்போது செவ்வாயும் கொடுக்கிறேன். வாழைப்பழம் சோற்றுக்குத் துணையாகுமா? சாமி விஷயம் உனக்கு நேற்றுத்தான் தெரியும், எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

அகப்பையை ஏன் போட வேண்டும்? கஞ்சிக்கு அதுதான் எடுப்பு.

ஒன்று சொல்ல மறந்தேன். சேற்றில் ஒற்றைக் கை சிவந்த நண்டுகள் இருக்குமே, கையை ஆட்டி ஆட்டி ஆளைக் கூப்பிடுமே, இந்த வருஷம் அவற்றைக் காணோம். சேற்றில் குதிக்கிற முண்டைக்கண் மீனும் குறைந்துவிட்டது. காலை வைத்தால் கறுப்பாக வருகிறது, அழுகின முட்டை வாடை. மட்டி மட்டும் கொழுத்துக் கிடக்கிறது. உனக்குத்தான் தண்ணீர் சாஸ்திரம் தெரியுமே, இது என்னவென்று எழுது.

அக்காள் அங்கம்மாள்


ஸ்கூடாய் ஆற்று முகத்துவாரம்
1932 மாசி 18

தம்பி மூர்த்திக்கு,

நான் கேட்டதற்கு நீ பதில் போடவில்லை.

ஜாஹிதாவுக்குப் பதினாலு நாளாகக் காய்ச்சல். முதலில் மழைச் சளி என்று நினைத்தோம். இறங்கவே இல்லை. மேல் கொதிக்கிறது, வயிறு உப்பியிருக்கிறது, நாக்கு வெந்துபோயிருக்கிறது. என்னையே "உம்மா" என்று கூப்பிடுகிறாள். டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து டிரெஸ்ஸர் வந்து பார்த்தார். டைபாய்டு என்றார். "எந்தத் தண்ணி குடிச்சீங்க? ஆத்துல எடுத்ததைப் பச்சையாத் தின்னீங்களா?" என்று கேட்டார். மீரா பீவி மூலையில் இருந்த என் கூடையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

இந்தக் கம்பத்துக் குடியிருப்பில் நாலு வீட்டில் காய்ச்சல். நாலு வீடும் மட்டி தின்கிற வீடு. என் வீட்டில் நிறைமாதக்காரி இருக்கிறாள், ஒரு தும்மல்கூட இல்லை. மச்சான் "ஒன் தம்பி நேர்த்திதான் நம்மைக் காப்பாத்திச்சு" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். கும்பிட்ட கை பாதியில் நின்றுவிட்டது.

கார்த்திகையில் நேர்த்தி. மட்டி கூடாது, நண்டு கூடாது, தண்ணீரைக் காய்ச்ச வேண்டும். பேச்சியம்மன் எந்தக் காலத்தில் தண்ணீரைக் காய்ச்சச் சொன்னாள்? டிரெஸ்ஸர் இன்றைக்குச் சொன்னதை நீ மூன்று மாதம் முந்தியே எழுதினாய்.

அஞ்சாம் வகுப்புத்தான் படித்தேன். ஆனாலும் கேட்கிறேன். உனக்கு அதைச் சொன்னது எந்தச் சாமி?

அங்கம்மாள்


தம்போய்
3-3-1932

அக்கா,

சாமி இல்லை. நேர்த்தி பொய்.

நவம்பர் 22-ல் எழுதிப் போடாமல் வைத்திருந்த கடிதத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படியுங்கள். உங்கள் கையிலிருக்கிற அகப்பை என் சிரட்டை. ஐந்தில் மூன்றாவது. அது உங்கள் கைக்கு வந்த சேதியைப் படித்த நாளே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்தக் கதவிலிருந்து போகிறது உங்கள் சேற்றுக்குத்தான் வருகிறது என்று. கூடை விஷயமும் அதே கடிதத்தில் படித்தேன். அதற்குப் பிறகு ஐந்து வாரம் பேனாவைத் தொடவில்லை. தொட்டபோதும் வாழைப்பழம் கொடுங்கள் என்றுதான் எழுத வந்தது.

வீட்டை மட்டும் காப்பாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நீங்கள் ஒரு பண்டத்தை விட்டால் அதை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கிறவர்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சின்ன வயசிலிருந்து உங்களோடு வளர்ந்தவன் நான்.

சிக்கந்தர் அண்ணனுக்கும் இதையே தனிக் கடிதமாக எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். கம்பத்தில் எல்லோரிடமும் சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால் கதவுக்கார மூர்த்தி சொன்னான் என்று சொல்லுங்கள்.

இன்றைக்குக் காலையில் கடல் வடிந்தது. நான் கதவைத் திறக்கவில்லை.

மூர்த்தி


ஸ்கூடாய் ஆற்று முகத்துவாரம்
1932 பங்குனி 14

ஆண் குழந்தை. செல்வராணி சுகம். ஜாஹிதா நேற்று எழுந்து உட்கார்ந்தாள்.

அங்கம்மாள்


தம்போய்
29-5-1932

மரியாதைக்குரிய அக்காவுக்கு மூர்த்தி வணக்கம். நீங்கள் எழுதிய ஒரு வரியைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன். மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்டது. நீங்கள் பதில் போட வேண்டும் என்று இதை எழுதவில்லை. ஆற்றைப் பற்றித் தெரிய வேண்டியது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

கதவை மூடினால் தொட்டி நிறைய இரண்டரை நாள் ஆகும். மூடின அன்றைக்கு நான், கூட வேலை செய்கிற அர்ச்சுனன், சின்னத்தம்பி மூன்று பேரும் கல்படுக்கையில் கால்வாசியை வெட்டியெடுத்தோம். ஒரு குழி தோண்டி, கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, தேங்காய் நார் வைத்து ஒவ்வொரு கல்லாகத் தேய்த்தோம். நகம் போனது. மூன்றாம் நாள் அந்தக் கால்வாசியைத் திரும்பப் பரப்பித் தண்ணீரை அதன்மேல் விட்டோம். முழுக்கச் சுத்தமில்லை, ஆனால் முன்னைப்போல இல்லை. பிறகு அடுத்த கால்வாசி. முழுப் படுக்கையும் முடிய ஏழு வாரம்.

துரை இரண்டாம் நாளே வந்துவிட்டார். கத்தினார். "கடுதாசி எழுதிப்புட்டேன் தொரை, கம்பத்துல எல்லாருக்கும் தெரியும். இனிமே கப்பல்ல ஏத்தினாலும் பேச்சு இங்கதான் இருக்கும்" என்றேன். துரை என்னைக் கப்பலேற்றவில்லை. கதவுச் சாவியை வாங்கிக்கொண்டு என்னைக் கல்கழுவும் கூலியாகப் போட்டுவிட்டார். போன வாரம் மேலிடத்து ஆட்கள் வந்து பார்த்துத் துரையைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். அர்ச்சுனன் சிரித்த சிரிப்பில் குழிக்குள் விழுந்துவிட்டான்.

ஒன்று என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. புதுக்கல் வர வேண்டும், வர வேண்டும் என்று நாலு மாதம் காத்திருந்தோம். இருக்கிற கல்லைக் கழுவலாம் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. கை இருந்தது, நார் இருந்தது, கிணறு இருந்தது.

ஜாஹிதா நடக்கிறாளா?

மூர்த்தி


ஸ்கூடாய் ஆற்று முகத்துவாரம்
1932 ஆடி 30

தம்பி மூர்த்திக்கு அக்காள் அங்கம்மாள் ஆசி கூறி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். தம்பி என்று எழுத ஐந்து மாதம் பிடித்தது.

மாசியில் உன் கடிதம் வந்த அன்றே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். பாதிப் பேர் நம்பவில்லை. மலாய்ப் பெரியவர் ஒருவர் நம்பினார். சேற்றில் நாலு கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டினார். அதற்குப் பிறகு யாரும் இறங்கவில்லை. காய்ச்சல் கண்ட நாலு வீட்டிலும் ஓர் உயிரும் போகவில்லை.

மீரா பீவி வாசலுக்கு நானேதான் போனேன். சிக்கந்தர் உன் கடிதத்தைக் கையில் வைத்திருந்தார். படிக்கத் தெரியாமல் என்னிடமே நீட்டினார். நான்தான் படித்தேன், தம்பி. உன் பொய்யை உன் எழுத்தில் என் வாயால் படித்தேன். முடித்ததும் மீரா பீவி உள்ளே போய் என் கூடையைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். நாற்பது நாள் பேச்சில்லை.

பிறகு ஒரு நாள் ஜாஹிதா தானாகவே வேலியைத் தாண்டி வந்தாள், குழந்தையைப் பார்க்க. காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டிவிட்டது. இப்போது பூனைமுடி மாதிரி முளைக்கிறது. "பாப்பாவுக்கும் முடி இல்லை, எனக்கும் இல்லை, யாரு தலை நல்லாருக்கு?" என்று மச்சானைக் கேட்டாள். "அலமாக், ரெண்டும் தேங்கா மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளைத் தேடிக்கொண்டு மீரா பீவி வந்தாள். வந்தவள் உட்கார்ந்தாள். "கூடையக் கொண்டாந்தது நீங்க. நீங்க தெரியாமக் கொண்டாந்தீங்க. ஒங்க தம்பி தெரிஞ்சு இருந்தாரு. அவரு மொகத்தை நான் ஒரு தடவை பாக்கணும்" என்றாள்.

ஆகவே வா. நான் மன்னித்தேன் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. காய்ச்சலில் கிடந்தது என் பிள்ளை இல்லை. நீ அவள் வாசலில் நின்று உன் வாயால் சொல்ல வேண்டும்.

ஆவணி 19, ஞாயிற்றுக்கிழமை பேரனுக்கு மொட்டை. பேச்சியம்மனிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். உன் நேர்த்தி பொய் என்றாலும் நான் பிடித்தது பொய்யில்லை. ஒன்பது மாதம் ஒரு மட்டி வாயில் வைக்கவில்லை. மச்சானும் தொடவில்லை. ஆகவே முறைப்படி முடித்துத்தான் வைக்க வேண்டும். கடல் ஏறுகிறது, கதவு இருக்கிறது என்று எழுதாதே. கதவு இப்போது உன் கையில் இல்லை.

சேற்றில் ஒற்றைக் கை நண்டு திரும்பியிருக்கிறது. போன வாரம் மூன்று எண்ணினேன், நேற்று எண்ண முடியவில்லை, அத்தனையும் கையை ஆட்டின. வாடை போய்விட்டது. பெரியவர் துணியை அவிழ்க்கலாமா என்று கேட்கிறார். "மூர்த்தியைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன். வருகிற அன்று நீயே சேற்றில் இறங்கிப் பார்த்து, எடுக்கலாம் அல்லது கூடாது என்று சொல். சாமி பெயரில் சொல்லாதே. உன் பெயரில் சொல்.

எடுக்கலாம் என்றால், மட்டியை நான் கல்லு மாதிரி வேக வைத்து மிளகு போட்டு வறுப்பேன். அகப்பையை நீ சொன்னபடி தூரப் போடவில்லை. தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், உன் மூன்று போகவில்லை. அதில்தான் பரிமாறுவேன். முதல் அகப்பை உனக்கு. பிறகு எனக்கு. பிறகு உன் மச்சானுக்கு, பாவம், அவர் இப்போதே நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு மாதம் பொறுப்போம். நாம் மூன்று பேரும் காய்ச்சல் இல்லாமல் நடமாடினால், நீ திரும்பவும் லீவு போட்டுக்கொண்டு வந்து, மீரா பீவி வீட்டுக்குக் கூடையை நீ தூக்கிக்கொண்டு போகிறாய்.

போன தடவை அவர்கள் முதலில் தின்றார்கள்.

சுக்குப்பொடி புதிதாக இடித்து வைத்திருக்கிறேன். வந்து வாங்கிக்கொள்.

அக்காள்,
அங்கம்மாள்